படஅட்டைத் தொகுப்புக் கலை

ஒரு சென்ட் விலைகூடப் பெறாத காகித அட்டைக்கும் உலகப் புகழ் வாய்ந்த ஒரு கலைக்கூடத்துக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? நியூயார்க் நகரிலுள்ள மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தின் அச்சுப்படப் பிரிவு இக்கேள்விக்கு விடை தருகிறது. டியூரர், ரெம்பிராண்ட் போன்ற பேரோவியர்களின் அச்சுப்படங்களைக் காத்துவரும் அதே பிரிவில், சிகரெட்டுப் பெட்டிகளிலும் மிட்டாய்ப் பொட்டலங்களிலும் இலவசமாகக் கிடைத்த படஅட்டைகளும், அவற்றை ஒத்த அச்சுத் தாள்களுமாக மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவை இடம் பெற்றிருக்கின்றன. அவற்றுள் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவை பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்கள்.

இவற்றைக் கொடுத்தவர் கோடீசுவரர் அல்லர். ஜெபர்சன் பர்டிக் என்னும் அவர் 1900ஆம் ஆண்டில் பிறந்தவர், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த சிராக்கியூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர், மணம் செய்துகொள்ளாதவர், மூட்டுவாத நோயால் நெடுங்காலம் துன்புற்றவர். குறைந்த வருவாயுள்ள ஒருவர் திரட்டிய மலிவுப் பொருள்கள் எவ்வாறு ஒரு கலைச்செல்வமாக மதிக்கப்பட்டன? இதை ஆராய்ந்தால், பொருளைக் குவிப்பதற்கும் தொகுப்பதற்கும் உள்ள வேற்றுமை நமக்கு நன்கு விளங்கும்.

அட்டை பிறந்த கதை

படஅட்டை முதலில் விளையாட்டுக்காகவும் தோன்றவில்லை, கல்விக்காகவும் தோன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொட்டலங்களில் விற்கப்பட்டன. பொட்டலம் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையை வைத்தார்கள். வெற்று அட்டையை வைப்பானேன், அதில் ஒரு படத்தை அச்சிட்டால் வாங்குவோர் மீண்டும் மீண்டும் வாங்குவார்களே என்ற எண்ணம் வணிகர்களுக்குத் தோன்றியது. வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரிலிருந்த ஆலன் அண்டு கின்டர் நிறுவனம் 1887ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட ஐம்பது அட்டைகள் கொண்ட 'உலக வீரர்கள்' வரிசை புகழ் பெற்றது. அதில் பேஸ்பால் ஆட்டக்காரர் பதின்மர் இருந்தனர். குத்துச்சண்டைக்காரர், மற்போர் வீரர், படகு வலிப்போர், பில்லியர்ட்ஸ் ஆடுவோர், குறி பார்த்துச் சுடுவோர் ஆகியோரும் இருந்தனர். ஆனி ஓக்லி என்னும் பெண்மணி, துப்பாக்கி சுடுவதில் வல்லவராக அவ்வரிசையில் காட்சி தருகிறார்.

இங்கிலாந்திலும் இவ்வழக்கம் பரவியது. வில்ஸ் நிறுவனம் 1896இல் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் அட்டைகளை வெளியிட்டது. பின்னர்ப் பறவைகள், கப்பல்கள், கொடிகள், படைவீரர் உடைகள் என்று எத்தனையோ பொருள்கள் பற்றி அட்டைகள் வந்தன. முன்புறம் படம், பின்புறம் சில வரிகளில் விளக்கம் என்ற அமைப்பு நிலைபெற்றது. நூல் வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இந்த அட்டைகளே பொதுஅறிவு நூலாகப் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது காகிதத் தட்டுப்பாடு ஏற்படவே, 1940இல் பிரிட்டிஷ் சிகரெட்டு அட்டைகள் நின்றுபோயின.

அமெரிக்காவில் சிகரெட்டின் இடத்தைச் சூயிங்கம் பிடித்துக்கொண்டது. 1933இல் பாஸ்டன் நகரத்துக் கௌடி நிறுவனம் 240 அட்டைகள் கொண்ட பேஸ்பால் வரிசையை வெளியிட்டது. அதில் 106ஆம் எண்ணுள்ள அட்டையை மட்டும் அவ்வாண்டு அச்சிடவில்லை. எண்ணிக்கையை முழுமையாக்க முயன்ற சிறுவர்கள் கையிலிருந்த காசையெல்லாம் கொடுத்து வாங்கியும் அந்த ஓர் அட்டை கிடைக்கவில்லை. மறு ஆண்டுதான் அதை அச்சிட்டு, கேட்டு எழுதியவர்களுக்கு அனுப்பினார்கள். விற்பவர் நோக்கம் ஒன்று. சேர்ப்பவர் நோக்கம் வேறு என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

பர்டிக் செய்த வேலை

இத்தகைய அட்டைகள் ஆயிரக்கணக்கான வரிசைகளாக வெளிவந்து, நாட்டில் எங்கும் சிதறிக் கிடந்தன. எந்த நிறுவனம், எந்த ஆண்டில், எத்தனை அட்டைகளை வெளியிட்டது என்பதற்குக் கணக்கே இல்லை. இந்தக் குழப்பத்தில் ஓர் ஒழுங்கைக் கொண்டுவர முனைந்தவர் பர்டிக். 1937இல் அட்டை சேர்ப்போருக்காக ஒரு சிற்றிதழைத் தொடங்கினார். 1939இல் ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார். பின்னர் அது 'அமெரிக்க அட்டைப் பட்டியல்' என்ற பெயரில் விரிவடைந்து பல பதிப்புகள் கண்டது.

அப்பட்டியலின் முறை மிக எளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'என்' என்ற எழுத்து. இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'டி'. முற்கால மிட்டாய் அட்டைகளுக்கு 'ஈ'. 1930ஐ ஒட்டியும் அதன் பின்னும் வந்த சூயிங்கம் அட்டைகளுக்கு 'ஆர்'. எழுத்தை அடுத்து ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட ஐந்நூறுக்கு மேற்பட்ட அட்டைகளை உலகம் இன்றும் 'டி 206' என்று அழைப்பது பர்டிக் வைத்த பெயரால்தான்.

1947 முதல் அவர் தம் அட்டைகளைப் பகுதி பகுதியாகக் கலைக்கூடத்துக்கு அளிக்கத் தொடங்கினார். அச்சுப்படப் பிரிவின் தலைவராக விளங்கிய ஹயாட் மேயர், சாதாரண மக்களின் வாழ்வைக் காட்டும் அச்சுத் தாள்களுக்கும் மதிப்பு உண்டு என்பதை உணர்ந்தவர். ஆயினும் அட்டைகளைப் பிரித்து, வரிசைப்படுத்தி, ஏடுகளில் ஒட்டும் வேலையைப் பர்டிக்கே செய்ய வேண்டியிருந்தது. கடைசி ஆண்டுகளில் நியூயார்க்கிலேயே தங்கி, நோயினால் வளைந்துபோன விரல்களைக் கொண்டு அவர் அப்பணியைச் செய்தார். 1963ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் கடைசி அட்டையும் ஏட்டில் ஏறியது. மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச் 13ஆம் நாள் உயிர் நீத்தார்.

ஏட்டில் பசை தடவி ஒட்டிய அட்டையைச் சந்தைக்காரர் விரும்புவதில்லை. பசை பட்டால் விலை குறையும். பர்டிக்கின் ஏடுகளில் விலையைவிட வரிசையே பெரிதாக மதிக்கப்பட்டிருக்கிறது.

விலையேற்றமும் வீழ்ச்சியும்

டி 206 வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் அட்டை மிக அரியது. அதன் அச்சு இடையிலேயே நிறுத்தப்பட்டதால் சில பிரதிகளே வெளிவந்தன. அவற்றுள் ஒன்று 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. அதே ஆண்டில், டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அந்த 1952 வரிசையின் பிற்பகுதி அட்டைகள் வெளிவந்தபோது ஆட்டப் பருவம் முடியும் நிலையில் இருந்ததால் அவை விற்காமல் கிடங்கில் தேங்கின. அவ்வரிசையை உருவாக்கியவர்களில் ஒருவரான சை பெர்ஜர் பிற்காலத்தில் கூறியபடி, 1960ஐ ஒட்டி அவை படகில் ஏற்றப்பட்டு நியூஜெர்சிக் கரைக்கு அப்பால் கடலில் கொட்டப்பட்டன!

இத்தகைய செய்திகள் மக்கள் மனத்தில் ஆசையைக் கிளப்பின. 1980களில் பலர் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்கினர். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று வாங்கியோரும் உண்டு. 1981இல் ப்ளீர், டான்ரஸ் ஆகிய நிறுவனங்களும், 1989இல் அப்பர் டெக் நிறுவனமும் சந்தைக்கு வந்தன. அட்டையே முதற்பொருளாகி, சூயிங்கம் இடையூறாகிவிட்டது. சூயிங்கம் பட்டு அட்டையில் கறை படிகிறது என்று வாங்குவோர் குறைகூறியதால் 1992இல் டாப்ஸ் நிறுவனம் தன் பேஸ்பால் பொட்டலங்களில் அதை வைப்பதையே நிறுத்திவிட்டது.

முடிவு என்ன? எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள், ஆகவே எதுவும் அரிதாகவில்லை. பழைய அட்டை விலை ஏறியதற்குக் காரணம், அதைச் சிறுவர்கள் கிழித்தும் மிதித்தும் தாய்மார்கள் குப்பையில் எறிந்தும் எஞ்சியவை சிலவே என்பதுதான். 1994இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஆண்டிறுதிப் போட்டியே நடவாமற் போனபோது, ஏற்கெனவே ஆட்டங்கண்ட சந்தை மேலும் சரிந்தது. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அச்சான அட்டைகளிற் பெரும்பாலானவை இன்றும் சில சென்டுக்கே கிடைக்கின்றன.

முதலீடு என்று நினைத்தவர்களுக்கு இது நட்டம். ஆனால் ஒரு கருத்தைக் கொண்டு தொகுக்க விரும்புவோருக்கு இது பெரும் வாய்ப்பாகும். வேறு எந்தப் பொருளை இவ்வளவு குறைந்த செலவில், இவ்வளவு வகையாக, படமும் குறிப்பும் சேர்த்துப் பெற முடியும்?

கருத்தே நார்

உதிர்ந்த பூக்களைத் தரையில் குவித்தால் அது குவியல். நாரில் தொடுத்தால் மாலை. அட்டைகளைத் தொடுக்கும் நார் ஒரு கருத்து, அல்லது ஒரு கேள்வி. அந்தக் கருத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முழுவதும் தொகுப்பவருடையது. நிறுவனம் 'இந்த 792 அட்டைகளையும் வாங்கு' என்று கூறலாம். நாம் அவற்றுள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கருத்துகளைச் சில வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஒருவரைப் பற்றிய தொகுப்பு. ஓர் ஆட்டக்காரரின் அட்டைகளை ஆண்டுவாரியாக அடுக்கினால் இளமை முதல் ஓய்வு வரை அவர் முகம் மாறுவதையும், குழு மாறுவதையும், பின்புறத்து எண்கள் உயர்ந்து தாழ்வதையும் காணலாம்.

இரண்டாவது, படத்தில் காணப்படுவதைப் பற்றிய தொகுப்பு. மூக்குக்கண்ணாடி அணிந்த ஆட்டக்காரர்கள், இடக்கைப் பழக்கமுள்ளவர்கள், பின்னணியில் ஆட்டரங்கம் தெரியும் படங்கள் என்று தொகுக்கலாம். இதற்கு மலிவான அட்டையே போதும். ஆட்டக்காரர் புகழ் பெற்றவரா என்பதே கேள்வி அன்று.

மூன்றாவது, பிழைகளைப் பற்றிய தொகுப்பு. 1957இல் டாப்ஸ் வெளியிட்ட ஹேங்க் ஆரனின் அட்டையில் படம் இடம் வலமாகத் திரும்பி அச்சாகியிருக்கிறது; வலக்கையர் இடக்கையராகத் தோன்றுகிறார். 1959இல் லூ பர்டெட் என்னும் வலக்கைப் பந்து வீச்சாளர் புகைப்படக்காரரை ஏமாற்ற இடக்கையர் போல் நின்றார். அதுவே அட்டையாக வந்துவிட்டது. 1969இல் அவுரேலியோ ராட்ரிகஸ் என்ற ஆட்டக்காரரின் அட்டையில் இருப்பவர் அவரே அல்லர். குழுவுக்கு மட்டை எடுத்துக்கொடுக்கும் பையன்! அச்சிட்டதெல்லாம் உண்மை அன்று என்ற பாடத்தை இத்தொகுப்பு சிரித்துக்கொண்டே கற்பிக்கும்.

நான்காவது, பொழுதுபோக்கு அட்டைகள். டாப்ஸ் நிறுவனம் 1977ஐத் தொடர்ந்து 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்துக்கு 66 அட்டைகள் வீதம் ஐந்து வரிசைகளாக 330 அட்டைகளை வெளியிட்டது. நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கரை நிறம். முழுப் படத்தையும் வீட்டில் பார்க்க வழியில்லாத அக்காலத்தில் சிறுவர்கள் கதையை மீண்டும் நினைத்துப் பார்க்க இவை உதவின. முழு வரிசை வேண்டாதவர் அதிலுள்ள இயந்திர மனிதர்களை மட்டும், அல்லது விண்கலங்களை மட்டும் தொகுக்கலாம்.

பதினாறு குழுக்கள், பன்னிரண்டு ஆண்டுகள்

ஐந்தாவது வகை வரலாற்றுக் கேள்வி. இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது எனலாம். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் காண்போம்.

அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பால் குழுக்களில் கறுப்பின மக்களுக்கு நெடுங்காலம் இடமில்லை. 1947 ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவுக்காகக் களமிறங்கி அத்தடையை உடைத்தார். பள்ளிநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் அன்று இருந்த குழுக்கள் பதினாறு. மற்றப் பதினைந்தும் என்று கதவைத் திறந்தன? ஒவ்வொரு குழுவிலும் முதலாவதாக ஆடிய கறுப்பின வீரரைத் தேடி வரிசைப்படுத்துவதே இத்தொகுப்பின் கருத்து.

வரிசைப்படுத்தினால் தெரிவது இது. 1947இல் மூன்று குழுக்கள், 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொன்று, 1953இல் இரண்டு, 1954இல் நான்கு, 1955, 1957, 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொன்று. 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஆண்டுகளில் எந்தக் கதவும் புதிதாகத் திறக்கவில்லை. புகழ்மிக்க நியூயார்க் யாங்கீஸ் குழுவில் எல்ஸ்டன் ஹவர்ட் ஆடியது 1955இல்தான். அவ்வாண்டு பௌமன் நிறுவனம் வெளியிட்ட அட்டைகளில் ஆட்டக்காரர்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருப்பது போலச் சட்டமிட்டிருந்தார்கள். வீடுதோறும் தொலைக்காட்சி நுழைந்த காலம் அது. கடைசியாகக் கதவைத் திறந்தது பாஸ்டன் ரெட்சாக்ஸ். 1959 ஜூலை 21ஆம் நாள் அதில் பம்ப்சி கிரீன் ஆடினார். அவர் அட்டை 1960ஆம் ஆண்டு டாப்ஸ் வரிசையில் வந்தது.

இந்த இடத்தில் தொகுப்பவர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ராபின்சன் கடைசியாக ஆடியது 1956ஆம் ஆண்டுப் பருவம். அவ்வாண்டின் அட்டையே அவர் ஆடிய காலத்தில் டாப்ஸ் வெளியிட்ட கடைசி அட்டை. அவர் தொடங்கி வைத்த மாற்றம் எல்லாக் குழுக்களையும் அடையுமுன் அவரே ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார்! கடைசி மூன்று குழுக்கள் அவருக்குப் பின்னரே மனம் மாறின. 'தடை 1947இல் உடைந்தது' என்ற ஒரு வரி, அட்டைகளை மேசையில் பரப்பும்போது பன்னிரண்டு ஆண்டு நீண்ட போராட்டமாகக் கண்முன் விரிகிறது.

இத்தொகுப்புக்குப் பெருஞ்செலவு ஆகாது. ராபின்சன், எர்னி பேங்க்ஸ் போன்றோரின் பழைய அட்டைகள் விலை மிக்கவை. அவற்றுக்குப் பதில் பிற்காலத்து மறுஅச்சை வைத்து, 'மறுஅச்சு' என்று குறித்துக்கொள்ளலாம். கிரீனைப் போன்று பெரும்புகழ் எய்தாத வீரர்களின் பழைய அட்டைகளை, சற்றுத் தேய்ந்த நிலையில், மலிவாகவே பெற முடியும். வரலாற்றில் முக்கியமானவர் சந்தையில் மலிவானவராக இருப்பது கருத்தைக் கொண்டு தொகுப்பவருக்குக் கிடைக்கும் நன்மை.

தொடங்குவது எப்படி?

முதலில் ஒரு விதியை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 'இன்ன குழுவின் பந்து பிடிப்போர், 1980 முதல் 1990 வரை, ஆண்டுக்கு ஒருவர்' என்பது போல எல்லை தெளிவாக இருக்கட்டும். எல்லையில்லாத தொகுப்பு விரைவில் குவியலாகிவிடும். 25 அல்லது 50 அட்டைகளில் முடியும் கருத்தே தொடங்குவோருக்கு ஏற்றது.

இரண்டாவது, பட்டியல் எழுத வேண்டும். நிறுவனம், ஆண்டு, அட்டை எண், பெயர், வாங்கிய நாள், கொடுத்த விலை, 'ஏன் இதைச் சேர்த்தேன்' என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரிதான் தொகுப்பின் உயிர். அது எழுத வராவிட்டால் அந்த அட்டைக்குத் தொகுப்பில் இடமில்லை என்று கொள்ளலாம்.

மூன்றாவது, மூடிய பொட்டலங்களை வாங்கிப் பிரிப்பதைத் தவிர்ப்பது நலம். அதில் எது வரும் என்பது குலுக்குச்சீட்டைப் போன்றது. வேண்டிய அட்டையைப் பெயர் சொல்லித் தனியாக வாங்குவதே சிக்கனம். புகழ் பெறாத ஆட்டக்காரர்களின் அட்டைகளை வணிகர்கள் பெட்டியில் கொட்டி ஒரே விலைக்கு விற்பதுண்டு. சில வெள்ளிகளில் ஒரு மாதத்துக்கு வேண்டிய வேலை கிடைத்துவிடும். பிறரோடு மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

நான்காவது, பாதுகாப்பு. 1957 முதல் டாப்ஸ் அட்டைகளின் அளவு இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம் என்று நிலைபெற்றது. அதற்கேற்ப ஒன்பது பைகள் கொண்ட பிளாஸ்டிக் தாள்கள் கிடைக்கின்றன. பி.வி.சி. வகை நாளடைவில் அட்டையைக் கெடுக்கும். பாலிபுரோப்பிலீன் வகையே ஏற்றது. ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால் ஓரம் நசுங்கும். நம் நாட்டுப் புழுக்கத்தில் காகிதம் வளையும், பூஞ்சையும் பிடிக்கும். ஆகவே தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காமல், மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும்.

இறுதியாக, வெற்றுப் பைக்கு அஞ்ச வேண்டாம். ஓர் அட்டை கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் ஒரு துண்டுத்தாளில் பெயரையும் ஆண்டையும் எழுதிச் செருகலாம். சிலருக்கு ஏன் அட்டையே வெளிவரவில்லை என்று ஆராய்வதும் தொகுப்பின் ஒரு பகுதியே. அச்சிட்டவர் யாரை மதித்தார், யாரை மறந்தார் என்பதை அந்த வெற்றிடம் காட்டிக்கொடுக்கும்.

பர்டிக் சேர்த்த அட்டைகளில் பெரும்பாலானவை அவர் காலத்தில் ஒரு சென்ட், இரண்டு சென்ட் மதிப்புள்ளவை. அவற்றைப் போன்ற அட்டைகள் இலட்சக்கணக்கான வீடுகளில் இருந்தன, இருந்து அழிந்தன. அவர் கையில் பட்டவை மட்டும் அறிவுச் செல்வமாக நிலைத்தன. ஒவ்வொன்றும் எங்கே இருக்க வேண்டும் என்று ஒருவர் பொறுமையோடு சிந்தித்ததே அதற்குக் காரணம். அந்தப் பொறுமைக்குச் சந்தையில் விலை இல்லை. ஆகவே அது ஏழைக்கும் எட்டும். வீட்டு அலமாரியில் மறந்து கிடக்கும் ஒரு கட்டு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, 'இவற்றை இணைக்கும் கேள்வி எது?' என்று கேட்பவர் அப்பொழுதே தொகுப்பாளர் ஆகிவிடுகிறார்.